மூணு எலிவேஷன், வீட்டுக்குள்ள மூணு கருத்து: எதை எடுக்குறது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு: தரைத்தளம், முதல் மாடின்னு புதுசா வீடு கட்டுறோம், உள் பிளான் முடிவாயிடுச்சு. இன்ஜினியர் மூணு எலிவேஷன், அதாவது வெளித்தோற்ற டிசைன், குடுத்திருக்காரு. பெரிய கண்ணாடி வெச்ச மாடர்ன் பாக்ஸ் டைப் எனக்கும் மனைவிக்கும் பிடிச்சிருக்கு, ரெண்டு மாடி உயரத்துக்கு தூண் வெச்ச கிளாசிக்கல் டைப்தான் வேணும்னு அப்பா சொல்றாரு, அம்மா கேக்குறது சரிவான ஓட்டுக்கூரை. எதை எடுக்கலாம்?

அந்த த்ரீடி படங்களை கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. அது பெயிண்ட் அடிச்சு முடிச்ச அன்னைக்கு வீடு எப்படி இருக்கும்னு மட்டும்தான் காட்டும். நான் எந்த எலிவேஷனைப் பாத்தாலும் முதல்ல தேடுறது, கூரையில விழுற மழைத்தண்ணி எந்த வழியா கீழ வருது, சாயங்கால வெயில் எந்த ஜன்னல்ல நேரா அடிக்குது, இந்த ரெண்டும்தான். இதுக்கு பதில் இருக்குற வீடு பத்து வருஷம் கழிச்சும் பாக்க நல்லா இருக்கும், எந்த ஸ்டைலா இருந்தாலும் சரி.

உங்களுக்கு பிடிச்ச பாக்ஸ் டைப்ல துருத்தல் எதுவும் இல்லாம சுவர் நேரா மேல ஏறுறதுதான் அழகு, ஆனா சிக்கலும் அதுலயேதான் இருக்கு, ஏன்னா தண்ணி மொத்தமும் சுவத்து மேலயே வழியும், கொஞ்ச நாள்ல ஜன்னலுக்கு கீழ கறுப்பு கறுப்பா கோடு இறங்கும். பாரிஸ் பக்கத்துல லெ கார்பூசியேங்கிற ஆர்க்கிடெக்ட் 1931ல முடிச்ச வில்லா சவாய்ங்கிற வீடுதான் இந்த ஸ்டைலுக்கே முன்மாதிரின்னு சொல்லுவாங்க, அந்த வீடே மழைக்கு ஒழுகி வீட்டுக்காரம்மா அவருக்கு திரும்பத் திரும்ப லெட்டர் எழுதியிருக்காங்க. வேண்டாம்னு சொல்ல வரல, கட்டுறதா இருந்தா மொட்டை மாடிக்கு 10 அடிக்கு ஒண்ணரை இன்ச்சாவது வாட்டம் குடுங்க, கைப்பிடிச்சுவரோட மேல்முகம் மாடி பக்கமா சரிஞ்சு இருக்கட்டும், அப்பதான் அதுல தேங்குற அழுக்குத்தண்ணி முன்பக்க சுவத்துல வழியாது. சன்ஷேடு எங்க வந்தாலும் அடியில, விளிம்புக்கு பக்கத்துல, அரை இன்ச்சுக்கு ஒரு காடி, அதாவது நீளமா ஒரு பள்ளக்கோடு, விடச் சொல்லுங்க. அது இருந்தா தண்ணி அங்கயே சொட்டிடும், சுவர் வரைக்கும் போகாது. கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி சென்ட்ரிங் பலகை அடிக்கும்போதே சொல்லணும், பூச்சு முடிஞ்சப்புறம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

கண்ணாடி எந்தப் பக்கம் வருதுன்னு நீங்க எழுதல. மேற்குன்னா தயவுசெஞ்சு மாத்துங்க. சாயங்கால சூரியன் தாழ்வா வரும், மேல எவ்ளோ நீட்டா சன்ஷேடு போட்டாலும் அதுக்கு அடியில புகுந்து உள்ள வந்துடும், அதை மறைக்க நிக்குற மாதிரி ஏதாவது வேணும், ஓட்டை ஓட்டையா இருக்குற ஜாலி சுவரோ, செங்குத்தா பலகை மாதிரி பட்டிகளோ, ஒரு மரமோ.

அப்பாவோட தூணுக்கு வரேன். கிளாசிக்கல் ஸ்டைல்ல தூணுக்குன்னு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, ரொம்ப எளிமையான டஸ்கன் தூணுக்கு உயரம் அதோட விட்டத்தை, அதாவது குறுக்களவைப் போல 7 மடங்கு, டோரிக் 8, அயோனிக் 9, கொரிந்தியன் 10. ரெண்டு மாடிக்கு 20 அடி தூண்னா விட்டம் குறைஞ்சது 2 அடி வரணும். வீடுகள்ல பெரும்பாலும் போடுறது 9 இன்ச்சு, 12 இன்ச்சுதான், 9 இன்ச்சுன்னா 26 மடங்குக்கு மேல போயிடும், அதனாலதான் பல வீட்ல தூண் குச்சி மாதிரி தெரியுது, ஏன் அப்படின்னு வீட்டுக்காரருக்கே புரியறதில்ல. ஆனா 10 அடி உயர போர்ட்டிகோவுக்கு 14, 15 இன்ச்சு தூண்னா கணக்கு அழகா பொருந்தும்.

அம்மா சொன்னதுலதான் எனக்கு மனசு நிக்குது. சரிவுக்கூரை தண்ணியை தானா தள்ளிவிடும், விளிம்பு 2, 3 அடி வெளிய நீட்டிட்டா மாடி சுவத்துக்கு நிழலும் கிடைக்கும், மழையும் படாது. சரிவு மட்டும் 25 டிகிரிக்கு குறையாம பாத்துக்கோங்க, அதைவிட தட்டையா போனா காத்தோட அடிக்குற மழை ஓட்டுக்கு அடியில ஏறும். கான்கிரீட் சாய்வுத்தளம் போட்டு மேல ஓடு ஒட்டுறதா இருந்தா, தண்ணியைத் தடுக்க வேண்டியது அந்த தளம்தான், ஓடு அலங்காரம் மட்டுந்தான். ஓட்டை நம்பி வாட்டர்ப்ரூஃபிங்கை விட்டுடாதீங்க.

சரிவுக்கூரைன்னாலே பழைய வீடு மாதிரி ஆயிடுமோன்னு உங்களுக்கு ஒரு யோசனை இருக்கும். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாயிட் ரைட் சிகாகோவுல 1910ல முடிச்ச ரோபி ஹவுஸ் போட்டோவைத் தேடிப் பாருங்க, நீளமா நீட்டின சரிவுக்கூரைதான், கீழ நேர்கோடுகளா, வரிசையா ஜன்னல், இன்னைக்கும் மாடர்னா தெரியும்.

அதனால நான் சொல்றது, கூரை அம்மா கேட்ட மாதிரி, சுவர் உங்க பாக்ஸ் டைப் மாதிரி அலங்காரம் இல்லாம சுத்தமா, போர்ட்டிகோவுக்கு மட்டும் அப்பாவுக்காக ஒரு மாடி உயரத்துல ரெண்டு தடிமனான தூண். க்ளாடிங்குக்கு, அதாவது சுவர் மேல கல்லு மாதிரி எதையாவது ஒட்டுறதுக்கு, ஒதுக்கின காசை கூரை நீட்டலுக்கும் நல்ல ஜன்னலுக்கும் திருப்பி விடுங்க. கல்லு ஒட்டியே ஆகணும்னா தரைத்தளத்தோட நிறுத்திக்கோங்க, உயரத்துல வெறும் பசையை நம்பி கனமான கல்லை ஒட்டுறது ஆபத்து, வருஷக்கணக்கா வெயிலும் மழையும் மாறி மாறி பட்டு பிடி விட்டுடும்.

இன்ஜினியர்கிட்ட திரும்பப் போகும்போது ரெண்டு படம் கேளுங்க, கூரையை குறுக்க வெட்டி காட்டுற செக்‌ஷன் டிராயிங் ஒண்ணு, தெருவுல நிக்குற ஆள் கண்ணுக்கு, அதாவது 5 அடி உயரத்துலேர்ந்து தெரியுற வியூ ஒண்ணு.