கருவேலம் பிசின் ஏன் தாங்கவில்லை?

குடியாத்தத்திலிருந்து எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுகலை) மாணவி ஒருவர் கேட்கிறார்: "பெருங்குடலுக்குப் போய்த் திறக்க வேண்டிய மெட்ரோனிடசோல் மாத்திரையை, பள்ளிகொண்டா அருகே பாலாற்றங்கரையில் சேகரித்த கருவேலம் பிசினைக் கலந்து செய்தேன். அமிலக் கரைசலில் அரை மணி நேரத்தில் கரைந்துவிட்டது. பிசினை இரட்டிப்பாக்கியும் பயனில்லை. எங்கே தவறு?"

உங்கள் கைவேலையில் தவறில்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் கருவேலம் பிசின் துண்டையும், இன்னொன்றில் பாதாம் பிசினையும் இரவு போட்டுவையுங்கள். காலையில் முதல் தம்ளரில் பழுப்பு நீர்தான் இருக்கும். இரண்டாவதில் பிசின் நுங்குபோல ஊதிக் கிடக்கும். கருவேலம் பிசின் பொடியை ஒட்டவைக்கும் சரக்கு. அதைக் காவலுக்கு நிறுத்தினால் தண்ணீரைக் கண்டதும் ஓடிவிடும்.

இத்தகைய மாத்திரையில் பெருங்குடல் பாக்டீரியா பிசினைத் தின்றதும்தான் மருந்து வெளியே வரும். ஆனால் பாக்டீரியா ஒரு பிசினைத் தின்னும் என்பது பாதித் தகுதிதான். அதற்கு முன் வயிற்றில் சுமார் 2 மணி நேரமும் சிறுகுடலில் 3 மணி நேரமும் அது தாக்குப்பிடிக்க வேண்டும். இங்கேதான் கொத்தவரை விதைப் பிசின் கைகொடுக்கிறது. நீர் பட்டவுடன் மேற்புறம் கெட்டிக் கூழாகி, உள்ளே நீர் புகுவதை மட்டுப்படுத்தும். பாகுத்தன்மை கூடிய ரகமாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர்ப் பொருளைத்தான் ஆய வேண்டும் என்றால், புளியங்கொட்டைப் பருப்பு இருக்கிறது. அதன் மாவிலிருந்து பிரித்த பிசினும் கரைந்தோடாமல் ஊறும்.

பிசினை மருந்தோடு கலந்து அழுத்தாதீர்கள். மெட்ரோனிடசோல் அமிலத்தில் நன்றாகக் கரையும். கூழ் வழியாகவே கசிந்துவிடும். மருந்தைச் சிறு உள்மாத்திரையாக அடித்து, அதைச் சுற்றிப் பிசினை உறையாக அழுத்துங்கள். 6 மி.மீ. உள்மாத்திரைக்கு 10 மி.மீ. அச்சு எடுத்தால் பக்கச்சுவர் 2 மி.மீ. வரும். பிசின் தூள் தானாக வழியாது. ஸ்டார்ச் கஞ்சி விட்டுக் குருணையாக்கிக்கொள்ளுங்கள். உறையில் பாதியைப் போட்டு, உள்மாத்திரையை நடுவில் வைத்து, மீதியைக் கொட்டி அழுத்த வேண்டும். உள்மாத்திரை ஒரு பக்கமாக நகர்ந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் உடையும். எனவே அமிலத்தில் 2 மணி நேரம் ஊறிய மாத்திரை ஒன்றை எடுத்து பிளேடால் பிளந்து பாருங்கள். வெளியே கண்ணாடிபோன்ற கூழ், உள்ளே உலர்ந்த வெள்ளை வட்டம். அந்த வட்டம் நடுவில் இருக்கிறதா என்பதே கேள்வி. கரைதல் வரைபடம் சொல்லாததை இந்த வெட்டு சொல்லிவிடும்.

மருந்துத் தேர்விலும் ஒரு சிக்கல் உண்டு. காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாவைக் கொல்வதுதான் மெட்ரோனிடசோலின் தொழில். பிசினை உடைத்துக் கதவு திறக்க நீங்கள் நம்பியிருப்பதும் அதே கூட்டத்தைத்தான். முதல் மாத்திரை திறக்கலாம். நாலைந்து நாள் தொடர்ந்து சாப்பிட்டபின் வரும் மாத்திரையைத் திறக்க ஆளிருக்குமா? வழிகாட்டியிடம் பேசி மெசலமைனுக்கு மாறுவது நல்லது என்பது என் கருத்து. பெருங்குடல் அழற்சிக்கான மருந்து அது. சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டால் புண்ணுள்ள இடத்துக்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும்.

சோதனையில் வயிற்றுக்குப் பதிலாக 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி, சிறுகுடலுக்குப் பதிலாக பிஎச் 7.4 கரைசலில் 3 மணி, பிறகு பெருங்குடலுக்குப் பதிலாக எலியின் பெருங்குடல் முனைப் பையிலிருந்து எடுத்த பொருள் 4 சதவீதம் கலந்த பிஎச் 6.8 கரைசல் என்பது பலரும் பின்பற்றும் முறை. கடைசிக் கட்டத்தில் கார்பன் டை ஆக்சைடு செலுத்திக்கொண்டே இருங்கள். காற்றுப் பட்டால் பாக்டீரியா வேலை செய்யாது. எலிப்பொருள் சேர்க்காத குடுவை ஒன்றும் பக்கத்திலேயே ஓட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் மருந்தை வெளியே விட்டது பாக்டீரியா இல்லை, வெறும் நீர்தான்.

கருவேலம் பிசினை ஒட்டும் பொருளாக வைத்துக்கொள்வதானால் கன உலோகச் சோதனை செய்யாமல் விடாதீர்கள். தோல் பதனிடும் கழிவு கலந்த ஆற்றுப்படுகை அது. குரோமியத்தைப் பற்றி ஆய்வேட்டுத் தேர்வாளர் கட்டாயம் கேட்பார். எலி தேவைப்படுவதால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். அது வர நாளாகும். விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.