0.9 கிராம் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. போன வாரம் லேபில் அழுக்குக் கலந்த பென்சாயிக் அமிலம் 2 கிராம் கொடுத்து, தண்ணீரில் மறுபடிகமாக்கச் சொன்னார்கள், அதாவது கொதிநீரில் கரைத்து, ஆறவைத்து, சுத்தமான படிகமாகத் திரும்ப எடுக்க வேண்டும். நான் 200 மில்லி கொதிநீரில் கரைத்து, சூடாக வடிகட்டி, மேசையிலேயே ஆறவிட்டேன். கிடைத்தது 1.1 கிராம். உருகுநிலை 121-122 டிகிரி. பக்கத்து மேசைத் தோழி 50 மில்லியில் கரைத்து, வடிகட்டியதும் ஐஸில் வைத்துவிட்டாள். அவளுக்கு 1.9 கிராம். ஆனால் அது 116-இல் இளக ஆரம்பித்து 120-இல்தான் முழுதாக உருகியது. எடையை வைத்து அவளுக்குத்தான் அதிக மார்க். நீங்கள் மணலியில் ஆலை லேபில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். என் 0.9 கிராம் எங்கே போனது? எனக்கு லேப் வேலை வராதா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு லேப் வேலை நன்றாகவே வரும். இரண்டு பேருடைய உருகுநிலையையும் தண்ணீர் அளவையும் குறித்து வைத்திருக்கிறீர்களே, அதுவே போதும். அந்த எண்களை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

பென்சாயிக் அமிலம் 100 மில்லி தண்ணீரில், 100 டிகிரியில் சுமார் 5.6 கிராம் கரையும். 25 டிகிரியில் 0.34 கிராம். பூஜ்ஜியத்தில் 0.17 கிராம். நம் ஊரில் மத்தியான நேரத்து லேப் 25 டிகிரியில் இருக்காது, 30-ஐத் தாண்டிவிடும். அப்போது 100 மில்லிக்கு ஏறக்குறைய 0.4 கிராம் கரைந்தே இருக்கும். நீங்கள் எடுத்தது 200 மில்லி. ஆக 0.8 கிராம் உங்கள் தாய்க்கரைசலில், அதாவது படிகத்தை வடித்தபின் மிஞ்சிய நீரில் கிடக்கிறது. மீதி 0.1, வடிதாளில் ஒட்டியதும் நீங்கள் நீக்கிய அழுக்கும். எதுவும் காணாமல் போகவில்லை.

இப்போது தோழியின் கணக்கு. 50 மில்லி ஐஸ் தண்ணீர் 0.08, 0.09 கிராம் அமிலத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கொடுத்த 2 கிராமும் சுத்தமான அமிலமாக இருந்து, வடிதாளில் ஒரு துளிகூட ஒட்டாமல் போனால்தான் 1.9 வரும். கொடுத்ததிலோ அழுக்கு இருந்தது. அப்படியானால் அந்த 1.9-க்குள் அழுக்கு இருக்கிறது, அல்லது சரியாகக் காயாத ஈரம் இருக்கிறது, அல்லது இரண்டுமே. அவளுடைய உருகுநிலையும் அதையேதான் சொல்கிறது. சுத்தமான பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில், ஒன்றிரண்டு டிகிரி இடைவெளிக்குள் உருகிவிடும். கலப்பு இருந்தால் முன்னதாகவே இளகி, இழுத்துக்கொண்டே போகும்.

இந்தச் சோதனையை வைத்திருப்பதே சுத்தம் செய்யக் கற்றுக்கொடுக்கத்தான். உருகுநிலையைப் பார்க்காமல் எடைக்கு மட்டும் மார்க் போடுவது தவறு என்று அழுத்தமாகவே சொல்வேன். ஆலையில் உருகுநிலை தவறிய பேட்ச் எத்தனை கிலோ இருந்தாலும் வெளியே போகாது.

அதற்காக 200 மில்லி சரி என்று ஆகிவிடாது. 2 கிராமுக்குக் கொதிநிலையில் 36 மில்லி போதும். சூடாக வடிகட்டும்போது புனலிலேயே படிகம் கட்டிவிடாமல் இருக்கக் கொஞ்சம் கூட்டி 45, 50 மில்லி வைத்துக்கொள்ளலாம். புனலையும் முன்னாலேயே சூடாக்கிக்கொள்ளுங்கள், காம்பு இல்லாத புனலாக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் அளவில் உங்கள் தோழி சரி. அவள் கெடுத்தது அவசரத்தில்.

படிகம் வளரும்போது அதன் முகத்தில் பென்சாயிக் அமில மூலக்கூறும் வந்து ஒட்டும், வேறொன்றும் வந்து ஒட்டும். அடுக்கில் பொருந்தாதது பிடிப்பில்லாமல் மறுபடி கரைசலுக்கே போய்விடும். ஆனால் அது போக நேரம் வேண்டும். திடீரென்று குளிர வைத்தால் அது வெளியேறுவதற்குள் மேலே அடுத்த அடுக்கு மூடிவிடும், பொடிப் பொடிப் படிகங்களின் இடுக்கில் கரைசலும் மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் மேசையில் தானாக ஆறட்டும், படிகம் நன்றாக விழட்டும். அப்புறம் ஐஸ். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவருக்கு உடைத்த ஐஸ் கிடைக்காதா என்ன! பீக்கருக்கு வெளியே மட்டும் வையுங்கள். கடைசியில் படிகத்தைக் கழுவவும் ஐஸில் வைத்த தண்ணீர்தான், அதுவும் சில மில்லி.

எல்லாப் பொருளுக்கும் இந்த முறை ஒத்துவராது. சாப்பாட்டு உப்பு 100 மில்லி தண்ணீரில் குளிரில் 36 கிராம், கொதிநிலையில் 39 கிராம் கரையும். ஆறவைத்தால் பெரிதாக ஒன்றும் விழாது. அதனால்தான் அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்களில் வெயிலை வைத்துத் தண்ணீரை வற்றவைத்தார்கள். கடல்நீர் வற்ற வற்ற முதலில் கொஞ்சம் கால்சியம் கார்பனேட்டும் அடுத்து ஜிப்சமும் படியும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது உப்பு விழ ஆரம்பிக்கும். கடைசிவரை வற்றவிடக் கூடாது. மெக்னீசியம் உப்புகள் நிறைந்த கசப்பு நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். அங்கேயும் கொஞ்சம் உப்பு அந்தக் கசப்பு நீரோடு போகத்தான் செய்யும்.

உங்கள் தாய்க்கரைசலைக் கொட்டிவிடாமல் வைத்திருந்தால் 50 மில்லிக்கு வற்றவையுங்கள். புகைக்கூண்டுக்குள் (லேபில் ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்) வைத்துச் செய்யுங்கள். பென்சாயிக் அமிலம் ஆவியோடு கிளம்பும், தொண்டையைப் பிடித்து இருமல் வரும், எடையிலும் கொஞ்சம் போகும். வற்றியதை மெதுவாக ஆறவிட்டால் அரை கிராமுக்கு மேல் எடுக்கலாம். ஆனால் அழுக்கும் இப்போது அந்த 50 மில்லிக்குள்தான் சேர்ந்திருக்கும். அதனால் அந்தப் படிகத்தை உடனே 1.1 கிராமோடு கலந்துவிடாதீர்கள். தனியாகக் காயவைத்து உருகுநிலை பாருங்கள். 121-க்குக் கீழே இளகினால் ரெக்கார்டில் இரண்டாவது ஈடு என்று தனியாகவே எழுதுங்கள்.