மனம் படிப்பவன் மௌனமாகும்போது: ‘டையிங் இன்சைட்’ நாவல் கேள்வி பதில்

ராபர்ட் சில்வர்பெர்க் எழுதி 1972-இல் வந்த ‘டையிங் இன்சைட்’ என்ற ஆங்கில நாவலை வாசித்தவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே. நாவலைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: நியூயார்க்கில் வாழும் டேவிட் செலிக் என்பவனுக்குச் சிறுவயதிலிருந்தே அடுத்தவர் மனதைப் படிக்க முடியும். நாற்பதைத் தாண்டியபோது அந்த ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக மங்க ஆரம்பிக்கிறது. முடிவு வரை பேசியிருக்கிறேன், அதனால் இன்னும் வாசிக்காதவர்கள் நாவலை முடித்துவிட்டு வருவது நல்லது.

கேள்வி: இதை எப்படி அறிவியல் புனைவு என்கிறார்கள்? விண்கலம் இல்லை, எந்திரம் இல்லை. மனம் படிப்பது எப்படி நடக்கிறது என்று ஒரு விளக்கம்கூட இல்லையே?

‘இப்படி ஒன்று இருந்தால்’ என்ற ஒரே ஓர் அனுமானத்தை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் நாம் அறிந்த உலகமாகவே விட்டுவிடுவதும் அறிவியல் புனைவுதான். இதற்கு முன்னால் வந்த டெலிபதி, அதாவது மனம் படிக்கும் ஆற்றல் பற்றிய நாவல்களோடு சேர்த்துப் பார்த்தால் சில்வர்பெர்க் என்ன செய்திருக்கிறார் என்பது புரியும். வான் வாக்ட்டின் ‘ஸ்லான்’ 1940-இல் தொடராக வந்தது. அதில் மனம் படிப்பவர்கள் வேட்டையாடப்படும் ஓர் உயர்ந்த இனம். ஆல்ஃபிரட் பெஸ்டரின் ‘தி டிமாலிஷ்ட் மேன்’ 1953-இல், அறிவியல் புனைவுக்குத் தரப்படும் ஹ்யூகோ விருதை நாவல் பிரிவில் முதன்முதலாக வாங்கியது. அதில் மனம் படிக்கும் காவலர்கள் இருக்கிறார்கள், அவர்களை ஏமாற்றி ஒரு கொலையைச் செய்ய முடியுமா என்பதுதான் பதைபதைப்பு. அந்தக் காலத்துக் கதைகளில் டெலிபதி என்றால் மனிதகுலம் ஏறப்போகும் அடுத்த படி, அல்லது பெரிய ஆயுதம்.

செலிக்கிடம் அது அடுத்த படியும் இல்லை, ஆயுதமும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிக் கொடுக்கப் பயன்படுகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு திருப்பத்துக்காகவே நான் இதை அந்த வகையின் முக்கியமான நாவல் என்பேன். ஹ்யூகோ, அதைப் போன்ற இன்னொரு விருதான நெபுலா, இரண்டுக்கும் பரிந்துரை பெற்றது. அந்த வருடம் இரண்டையும் அசிமோவின் ‘தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்’ தட்டிச் சென்றது.

கேள்வி: ஐயா, எனக்கு செலிக்கைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. புத்தகம் முழுக்கப் புலம்பல். இவ்வளவு பெரிய வரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஏன் ஒன்றுமே சாதிக்கவில்லை?

உங்களைப் போலச் சொல்லிப் பாதியில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். முதல் வாசிப்பில் எனக்கும் அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது அவன் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தேன். கட்டுரை கேட்டு ஒரு மாணவன் வந்து உட்காருகிறான். செலிக் அவனோடு பேசிக்கொண்டே மனதுக்குள் நுழைந்து, அவன் எப்படி யோசிப்பான், எந்த வார்த்தையைப் போடுவான், எங்கே சறுக்குவான் என்று பிடித்துக்கொள்கிறான். பிறகு அந்தப் பையனே எழுதியது போலத் தட்டச்சு செய்து கொடுக்கிறான். நாளெல்லாம் அடுத்தவர் குரலில் எழுதுகிறவனுக்குத் தன் குரல் எது?

உள்ளத்தில் இருப்பதை ஐயமில்லாமல் உணர்பவனைத் தெய்வத்துக்கு ஒப்பாக மதிக்கச் சொல்கிறது குறள். ஆனால் அந்தக் குறள் இருக்கும் அதிகாரத்துக்குப் பெயர் குறிப்பறிதல். முகத்தையும் கண்ணையும் பார்த்து, எதிரில் இருப்பவர்மேல் அக்கறை வைத்து உணர்வது அது. செலிக்குக்கு அந்த உழைப்பே தேவைப்படவில்லை. சிறுவயதிலிருந்தே விடை தெரிந்த கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவன் அவன். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை, காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, தவறாகப் புரிந்துகொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாம் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த மூன்றால்தான் என்று நினைக்கிறேன். ஆற்றலை வைத்துக்கொண்டும் அவன் ஒன்றும் சாதிக்கவில்லை என்கிறீர்கள். ஆற்றல் இருந்ததால்தான் அவன் மனிதர்களோடு பழகவே கற்றுக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவலிலேயே இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. நைக்விஸ்ட் என்று இன்னொரு டெலிபதிக்காரன் வருகிறான். அவனுக்குக் குற்ற உணர்ச்சியே கிடையாது, ஆற்றலைப் பயன்படுத்திச் சொகுசாக வாழ்கிறான். நீங்கள் கேட்கும் ‘சாதனை’ அவனிடம் இருக்கிறது. அவனோடு ஒரு மாலைப்பொழுதாவது கழிக்க விரும்புவீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: டெலிபதி உண்மையில் இருக்கிறதா? யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

இல்லை. ‘டெலிபதி’ என்ற சொல்லை 1882-இல் உருவாக்கியவர் ஃப்ரெடெரிக் மையர்ஸ் என்ற ஆங்கிலேயர். 1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் சீட்டுகளை வைத்துப் பெரிய அளவில் சோதனை செய்தார். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து வடிவங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து, ஆக 25 சீட்டு. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். அதற்கு மேல் வந்ததாக அவர் வெளியிட்டார். ஆனால் கட்டுப்பாடுகளை இறுக்கி மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் நம்பும்படி திரும்பக் கிடைக்கவில்லை. நாவலை ரசிக்க இது தடையே இல்லை.

கேள்வி: நடுவில் காஃப்கா பற்றி ஒரு முழுக் கட்டுரை வருகிறது. கதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தாண்டிப் போகலாமா?

தாண்டாதீர்கள். அது செலிக் ஒரு மாணவனுக்காக எழுதிய கட்டுரை. எழுத்தாளர் காஃப்காவின் ‘விசாரணை’, ‘கோட்டை’ இரண்டு நாவல்களையும் பற்றியது. தன்மேல் என்ன குற்றம் என்றே தெரியாமல் வழக்கில் மாட்டிக்கொண்டவன் ஒருவன், எவ்வளவு முயன்றும் கோட்டைக்குள் நுழைய முடியாதவன் இன்னொருவன். காசுக்கு எழுதும்போதும் செலிக் தன்னைப் பற்றித்தான் எழுதுகிறான். அது அவனுக்கே தெரியுமா என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

கேள்வி: ஒரு வாசகியாகக் கேட்கிறேன். இந்த நாவலில் வரும் பெண்களை அவன் உடலாக மட்டுமே பார்ப்பது என்னை மிகவும் தொந்தரவு செய்தது. கறுப்பின மாணவன் வரும் பகுதியும் அப்படித்தான். இதையெல்லாம் ‘அந்தக் காலம்’ என்று சொல்லிக் கடந்துவிட வேண்டுமா?

கடந்துவிட வேண்டியதில்லை, சகோதரி. செலிக்கின் பார்வை கோணலானது என்று சொல்லிப் பாதியை நியாயப்படுத்தலாம், மீதியை முடியாது. மனதுக்குள்ளேயே நுழைந்து பார்ப்பவன் என்றால், அந்தப் பெண்களின் எண்ணங்கள் நமக்கு வேறு யாருக்கும் கிடைக்காத அளவுக்குக் கிடைத்திருக்க வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் அவர்கள் அவனைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான். நீங்கள் சொல்லும் அந்த மாணவன், யாஹ்யா லுமும்பா என்ற கூடைப்பந்து வீரன், தனக்கு வந்த கட்டுரையைப் பார்த்துக் கொதித்துப்போய் செலிக்கை அடிக்கும் இடம் கதைக்குத் தேவையானது. ஆற்றல் மங்கியதால் அந்த இளைஞனின் குரலை செலிக்கால் பிடிக்க முடியவில்லை, இரவல் கொச்சையில் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டான். ஆனால் அந்த இளைஞனை வரைந்திருக்கும் விதத்தில் ஒரு வார்ப்புருதான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. அது எழுத்தாளரின் குறை. நாவலை நேசிக்கும் நானே சொல்கிறேன், இங்கே உங்கள் கோபம் சரி.

கேள்வி: கிட்டி என்ற பெண்ணின் மனதை மட்டும் அவனால் படிக்க முடியவில்லை. அவளை அவன் உண்மையாகவே காதலிக்கிறான். அப்புறம் ஏன் கெடுத்துக்கொள்கிறான்?

என்னை மிகவும் உலுக்கிய பகுதி இது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல், அவள் வாயால் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. எல்லாருக்கும் எல்லா நாளும் இருக்கும் நிலைமைதான் அது. அங்கேயே அவன் நின்றிருந்தால் போதும். அவனோ, தன்னால் நுழைய முடியாத மனம் என்றால் அவளுக்குள்ளும் ஓர் ஆற்றல் உறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறான். அதை எழுப்பப் பயிற்சி கொடுக்கிறேன் என்று உட்கார வைத்துச் சோதனை மேல் சோதனை செய்கிறான். அவள் பொறுத்துப் பார்க்கிறாள், சலித்துப்போகிறாள், போய்விடுகிறாள். மூடிய கதவு இவனுக்குத் தாங்கவில்லை. ‘உன் மனசுல என்ன இருக்கு, சொல்லு’ என்று ஒரே நாளில் பத்து முறை கேட்டு நல்ல உறவை நச்சரித்து முறித்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அதற்கு டெலிபதி வேண்டியதில்லை.

கேள்வி: இவ்வளவு இருட்டான புத்தகத்தில் மகிழ்ச்சியான பக்கம் ஒன்றாவது உண்டா?

உண்டு. சிறுவனாக இருந்தபோது ஒரு கோடையில் கிராமப்புறப் பண்ணைக்குப் போன அத்தியாயம். வெளியே சிடுசிடுவென்று யாரோடும் ஒட்டாமல் இருக்கும் ஒரு கிழ விவசாயியின் மனதுக்குள் நுழைந்தால், உள்ளே பேரானந்தம் பொங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவதை நாம் வஞ்சகத்துக்குத்தான் சொல்வோம். இங்கே அது தலைகீழாக இருக்கிறது. அந்த அத்தியாயத்தை நான் தனியாகவும் எடுத்து வாசிப்பதுண்டு.

கேள்வி: ஆற்றல் மங்குவது எதற்கான குறியீடு? முதுமையா, ஆண்மை இழப்பா, எழுத்தாளனின் வறட்சியா?

மூன்றையும் சொல்கிறார்கள். எழுத்து வறட்சி என்பவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது: சில்வர்பெர்க்கும் செலிக்கைப் போல 1935-இல் நியூயார்க்கில் பிறந்து கொலம்பியாவில் படித்தவர். நாவல் வந்த சில வருடங்களில் எழுத்திலிருந்தே விலகுவதாக அறிவித்து, 1980-இல் ‘லார்ட் வேலன்டைன்ஸ் கேசில்’ நாவலோடுதான் திரும்பினார். ஆனால் ஒரே குறியீட்டில் இதைக் கட்டிவைக்க எனக்கு விருப்பமில்லை.

எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் காது மந்தமானது. யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லாரும் சிரித்து அரை நொடி கழித்து அவர் சிரிப்பார். பேசுபவரின் உதட்டையே பார்ப்பார். சில நாட்கள் நன்றாகக் கேட்கும், அன்றைக்கெல்லாம் முகம் மலர்ந்திருக்கும். மறுநாள் மறுபடி மந்தம். செலிக்கின் ஆற்றல் விட்டு விட்டு வந்து போகும் பக்கங்களை வாசிக்கும்போதெல்லாம் அந்த அரை நொடிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கேள்வி: அண்ணா, முடிவு சோகமா நிம்மதியா? எங்கள் வீட்டில் இதைப் பற்றிச் சண்டையே நடந்தது.

சண்டைக்குத் தகுதியான முடிவுதான். எனக்கு விடை தங்கை ஜூடித்திடம் இருக்கிறது. பெற்றோர் தத்தெடுத்த பெண் அவள், அண்ணனின் ரகசியம் தெரிந்த வெகுசிலரில் ஒருத்தி. தன் மனதை ஒருவன் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்ற நினைப்போடு வளர்ந்தவள். வெறுக்காமல் என்ன செய்வாள்? ஆற்றல் அடங்க அடங்கத்தான் அவள் குரலில் கனிவு வருகிறது. கடைசியில் வெளியே பனி பெய்கிறது, அவனுக்குள் சத்தம் நின்றுவிட்டது. இனி மௌனமே தன் தாய்மொழி என்று ஏற்றுக்கொள்கிறான். புத்தகம் முடியும் வரியில் அவன் திரும்பத் திரும்பச் சொல்வது ‘ஹலோ’. எதிரில் இருப்பவர் பதில் சொல்வாரா என்று தெரியாமல் எல்லாரும் சொல்லும் அதே வார்த்தை.