சுங்கான் (புகை பிடிக்கும் பைப்) வாங்கப் போகிறீர்களா? முதலில் முனையைப் பாருங்கள்

கேள்வி: ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடையில், 1830-இல் ஒரு துரை வைத்திருந்த பைப் என்று 6,500 ரூபாய் சொல்கிறார்கள். புகையிலை போடும் கிண்ணம் அருமையாக இருக்கிறது. வாய்முனை கறுப்பு ரப்பர். வாங்கலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: கெட்டி ரப்பருக்கு நெல்சன் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே 1851-இல். உங்கள் துரை அதற்கு இருபத்தோரு வருஷம் முன்பே அதைக் கடித்துக்கொண்டிருந்தாராக்கும்!

"துரை வைத்திருந்தது" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கடைக்காரர்கள் சொல்கிற அத்தனை துரைகளும் பைப் பிடித்திருந்தால் தொட்டபெட்டாவில் மூடுபனிக்கு இடமே இருந்திருக்காது. வாங்குகிறவர்களும் கிண்ணத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சுங்கானில் முதலில் கெட்டுப்போவது பல் படுகிற இடம். அதனால் மாற்றியிருப்பதும் அதைத்தான். செல்போன் டார்ச்சை அடித்து முனையைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கில் பெரும்பாலும் சின்ன வட்டத் துளை இருக்கும். பின்னால் வந்தவற்றில் அகலமான கீற்று. புகை நாக்கில் ஒரே இடத்தில் சுடாமல் பரவுவதற்காக. டப்ளினில் பைப் செய்த பீட்டர்சன் 1898-இல் காப்புரிமை பெற்ற முனையில் துளையே மேல்பக்கம்தான், புகை அண்ணத்தைப் பார்த்துப் போகும். அப்புறம் கழற்றிப் பாருங்கள். எலும்புத் திருகு இருந்தால் பழைய முறை, சும்மா செருகியிருந்தால் பெரும்பாலும் பிந்தியது. வெள்ளி வளையத்தில், இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெள்ளியைச் சோதித்துக் குத்தும் நங்கூர முத்திரையைக் காட்டினால் மயங்காதீர்கள். அதோடு இருக்கிற ஆண்டு எழுத்து வளையத்தின் வயசை மட்டும்தான் சொல்லும்.

கேள்வி: வாங்கிய பைப்பின் கறுப்பு முனை பச்சையும் பழுப்புமாக மாறி, வாயில் வைத்தால் கந்தக நாற்றம் அடிக்கிறது. கொம்பு என்று சொல்லித்தான் விற்றார்கள். (குன்னூர் வாசகர்)

பதில்: கொம்பு இல்லை, எபோனைட். ரப்பரில் கந்தகம் சேர்த்துச் செய்வது. கடை ஷோகேஸ் வெயிலில் கிடந்தால் இப்படித்தான் ஆகும். பழைய எபோனைட் மைப்பேனா வைத்திருந்தவர்களுக்கு இந்த நிறம் தெரியும்.

கேள்வி: அம்பர் (கல்லாகிப்போன பழங்கால மரப்பிசின்) முனையை வீட்டிலேயே சோதிக்க முடியுமா? (ஊட்டி வாசகர்)

பதில்: முடியும். 2011-இல் நான் செய்திருக்க வேண்டியது அது. ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, தேன் நிற முனை வைத்த பைப்பை 4,200 ரூபாய்க்கு வாங்கிவந்து ஊரெல்லாம் காட்டினேன். கடைசியில் என் மனைவிதான் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பை, இனிக் கரையாது என்கிற வரை கரைத்து முனையைப் போட்டாள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. பேக்லைட் என்கிற பழைய பிளாஸ்டிக்! அம்பராக இருந்தால் மிதந்திருக்கும். மிதந்தாலும் துள்ளாதீர்கள், சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். திருகைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும். கழலவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், அம்பர் பட்டென்று உடையும்.

கேள்வி: தந்த முனை வைத்த பைப் மலிவாக வருகிறது. (கூடலூர் வாசகர்)

பதில்: யானை நடமாடும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! தொடாதீர்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினேன். வந்தது அக்ரிலிக் முனை. பில் தரவில்லை. (குன்னூர் வாசகர்)

பதில்: நீங்களும் கேட்கவில்லை, இல்லையா?

கேள்வி: எஸ்டேட்டில் கணக்கு எழுதிய எங்கள் தாத்தாவின் பைப்பைப் பாலிஷ் போடக் கொடுத்தோம். அவர் பல் தடம் இருந்த முனைக்குப் பதில் புது முனை வந்திருக்கிறது. "பழசு உடைந்திருந்தது, நல்லதாகப் போட்டேன்" என்கிறார் கடைக்காரர். (கோத்தகிரி வாசகி)

பதில்: படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டதம்மா. அந்தப் பல் தடத்துக்கு எந்தக் கடையிலும் விலை கிடையாது. உடைந்திருந்தால் உடைந்த துண்டைக் கொடுக்கட்டும். அது உங்கள் பொருள். தாத்தா பைப்போடு இருக்கிற பழைய போட்டோவையும் பாலிஷ் ரசீதையும் எடுத்து வையுங்கள். முனையைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கடிதத்தை இந்த வாரமே போடுங்கள். பழைய முனை இன்னும் அவர் மேஜை டிராயரில் கிடக்கலாம்.