விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில் ஓடும் நாய்: கேள்வி பதில்

அக்கா, தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய், 2 வயது. யார் வந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். வந்தவர் கையால் பிஸ்கட் கொடுத்தார். தின்றுவிட்டு அவர் கையையே கவ்வப் பார்த்தாள். ஏன்?

கையில் கொடுத்ததுதான் காரணம். தீனி ஆசையில் பக்கத்தில் வந்துவிடுவாள். தின்று முடித்ததும்தான் எதிரே அந்நிய ஆள் இருப்பது உறைக்கும்; பயத்தில் வாய் வைப்பாள். வந்தவர் தீனியை அவளுக்குப் பின்னால், நாலைந்து அடி தள்ளி விழும்படி போடட்டும். எடுக்க விலகிப் போவாள், பயம் இறங்கும், திரும்பி வருவதா வேண்டாமா என்பதை அவளே முடிவுசெய்வாள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த எலும்பில்லாத கோழி, கொண்டைக்கடலை அளவில் 15 துண்டு போதும். போடுபவர் உட்கார்ந்தபடி, பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல் போட வேண்டும். ஆசையாகக் குனிந்து தலையைத் தடவப் போவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. தீனியைத் தொடாமல் நின்றால் ஆள் இன்னும் கிட்டத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். உள்ளறைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

மேடம், காலிங் பெல் அடித்தாலே நடுங்குகிறது.

பெல் சத்தத்தை போனில் பதிவுசெய்து, காது மட்டும் அசையும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். முதலில் சத்தம், அடுத்த நொடியே தீனி. வரிசை மாறினால், தீனி டப்பாவைத் திறந்தாலே பெல் வரும் என்று பயப்படத் தொடங்கும். ஒரு வேளைக்கு ஐந்தாறு தடவை போதும். பழகும்வரை, வருபவர்களை பெல் அடிக்காமல் போன் செய்யச் சொல்லுங்கள்.

உறுமினால் அதட்டலாமா?

கூடவே கூடாது. அதட்டினால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை நேரே கடிதான். உறுமலுக்கு முன்பே உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், அசையாமல் விறைத்து நிற்கும். அப்போதே வந்தவரை விலகச் சொல்லுங்கள்.

பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் குழந்தைகளோடு வருகிறார்கள். அதற்குள் பழக்கிவிடலாமா?

கூட்டத்தில் பழக்க முடியாது. அவர்கள் வருவதற்கு அரை மணி முன்பே உள்ளறையில் அதன் பாய், தண்ணீர் வைத்து, ஃபேனைப் போட்டு, வெளியே தாழ்ப்பாள் போடுங்கள். குழந்தைகள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயானாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

6 வயது வரை எல்லாரிடமும் குழைந்தவன், இந்த மாதம் திடீரென்று ஒளிகிறான்.

பயிற்சி பிறகு. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுச் சீழ், பல்வலி, மூட்டுவலி, மங்கும் பார்வை எதுவானாலும் இப்படி ஒளிய வைக்கும். வலி என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது ஈரலைக் கெடுக்கும்.