பிஎஸ்2 (சோனியின் பிளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல்) ஒன்றே ஒன்று வாங்கிச் சேகரிப்பில் வைக்க வேண்டும் என்றால் ஃபேட்டா (பழைய தடித்த பெட்டி), ஸ்லிம்மா (பின்னால் வந்த மெல்லியது)? எந்த மாடல் எண்?

டிஸ்க் போட்டு ஆடத்தான் என்றால் 39000 வரிசை. ஹார்ட் டிஸ்க் மாட்டி ஆட என்றால் 50000 வரிசை. இரண்டுமே ஃபேட். வீட்டில் இடம் இல்லை, பிஎஸ்1 டிஸ்க்குகள் முக்கியமில்லை என்றால் 77000 அல்லது 79000 ஸ்லிம் போதும்.

ஃபேட்டா ஸ்லிம்மா என்பதை விட முக்கியம் ஸ்டிக்கரில் இருக்கும் எண். ஃபேட்டில் அது பின்பக்கம் இருக்கும், ஸ்லிம்மில் அடியில். எஸ்சிபிஹெச் என்ற எழுத்துகளுக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரும். முன்னால் வருவது வரிசை, கடைசி இரண்டு இலக்கம் எந்த நாட்டுக்காகச் செய்தது என்பது: 00 ஜப்பான், 01 வட அமெரிக்கா, 02 ஆஸ்திரேலியா, 03 பிரிட்டன், 04 ஐரோப்பா, 06 ஹாங்காங், சிங்கப்பூர். விற்பவர் "ஃபேட், நல்லா ஓடுது" என்று மட்டும் சொன்னால், அந்த ஸ்டிக்கரின் படத்தை அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

நாட்டு எண் நமக்கு ஏன் முக்கியம்? முதல் காரணம் கரண்ட். ஃபேட்டுக்கு பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. ஜப்பான் பெட்டி 100 வோல்ட்டுக்கு, அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்தது. பின்னால் இருப்பது சாதாரண எட்டு வடிவ சாக்கெட் என்பதால் நம் வீட்டு ரேடியோ வயர் அப்படியே பொருந்திவிடும்; 230 வோல்ட்டில் சொருகினால் ஃபியூஸோ கெப்பாசிட்டரோ அந்த நொடியே போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்த இரண்டையும் தொடாதீர்கள். ஸ்லிம்மில் 79000 வரை வெளி அடாப்டர்தான், வெளியீடு 8.5 வோல்ட். அடாப்டர் ஸ்டிக்கரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் நேராகச் சொருகலாம். 90000 வரிசையில் பவர் சப்ளை மறுபடி உள்ளே போய்விட்டது, ஆகவே அங்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

இரண்டாவது காரணம் டிஸ்க். ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பெட்டிகள் பேல் (அந்த நாடுகளின் டிவி முறை, நம்முடையதும் அதுதான்) டிஸ்க்கைத்தான் எடுக்கும். இந்தியாவில் உருவாகி இங்கே விற்ற ஹனுமான்: பாய் வாரியர் (2009), தேசி அட்டா போன்ற ஆட்டங்களும் பேல்தான். இந்திய வெளியீடுகளையும் சேர்த்துவைக்கும் எண்ணம் இருந்தால் (சேர்க்க வேண்டும் என்றே சொல்வேன், அவற்றைப் பாதுகாக்க வெளியூர்க்காரர்கள் யாரும் வரப்போவதில்லை) பேல் பெட்டி கட்டாயம். பேலில் ஒரு குறை உண்டு: சில ஆட்டங்கள் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் மெதுவாக ஓடும். ஆனால் நிறைய பேல் ஆட்டங்கள் தொடங்கும்போதே 60 ஹெர்ட்ஸ் வேண்டுமா என்று கேட்கும்.

இனி வரிசைகளுக்கு வருவோம். 2000 மார்ச் 4 அன்று ஜப்பானில் வந்த 10000-இல் ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளே இடமில்லை, பின்னால் பிசி கார்டு ஸ்லாட்தான். டிவிடி படம் பார்க்கும் மென்பொருள்கூட மெமரி கார்டில் தனியாக வந்தது. அலமாரிக்கு அழகு, தினமும் ஆட உதவாது. 30000-த்தில்தான் பின்பக்கம் ஹார்ட் டிஸ்க் மாட்டும் இடமான எக்ஸ்பான்ஷன் பே வந்தது. 39000 அதே வடிவமைப்பு தேறி வந்தது, முன்பக்கம் ஐ.லிங்க் போர்ட் (பெட்டிகளை வயரால் இணைப்பது) உள்ள கடைசி வரிசையும் அதுதான். 50000-த்தில் அந்த போர்ட்டை எடுத்துவிட்டு, ரிமோட்டுக்கான ஐஆர் ரிசீவரை உள்ளேயே வைத்தார்கள். ஃபேன் சத்தமும் குறைந்தது. இரவில் பக்கத்து அறையில் ஆள் தூங்கும்போது 30000-த்துக்கும் 50000-த்துக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே கேட்கும்.

அப்படியானால் டிஸ்க்குக்கும் 50000-த்தையே சொல்லாமல் 39000 ஏன்? லேசர்தான் காரணம். 50000, 70000 வரிசைகளில் லென்ஸை அசைக்கும் மெல்லிய காயில் எரிந்துபோவது பரவலாகத் தெரிந்த பழுது. காயிலுக்குத் தேவைக்கு மேல் மின்னோட்டம் போய்விடுகிறது, லேசர் அத்தோடு செத்துவிடுகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது லேசர் போட்டால் அதுவும் எரியலாம். அதனால் இந்த வரிசைகளில் லேசர் மாற்றும்போது அந்தக் காயிலை இயக்கும் டிரைவர் ஐசியையும் சோதிக்கச் சொல்லுங்கள். ரோமியோ மாட் என்ற பாதுகாப்புச் சுற்றைப் போடத் தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஹார்ட் டிஸ்க்கில் ஆடும்போது லேசருக்கு வேலையே இல்லை. அதனால்தான் அந்த உபயோகத்துக்கு 50000-த்தைத் தயங்காமல் சொல்கிறேன்.

2004 இறுதியில் வந்த முதல் ஸ்லிம் 70000. ஈதர்நெட் போர்ட் உள்ளேயே வந்தது, எக்ஸ்பான்ஷன் பே போய்விட்டது. ஸ்லிம்களில் இந்த ஒன்றில்தான் பழைய ஐஓபி சிப் இருக்கிறது, அதாவது பிஎஸ்1-இன் சிபியு வழி வந்த சிப். 75000 முதல் அந்த இடத்தில் பவர்பிசி வகைச் சிப் ஒன்று உட்கார்ந்து பழைய சிப் போல நடிக்கிறது. பெரும்பாலான ஆட்டங்களில் வித்தியாசம் தெரியாது. ஆனால் சில பிஎஸ்1 ஆட்டங்களும் ஒரு சில பிஎஸ்2 ஆட்டங்களும் தடுமாறும். பிஎஸ்1 டிஸ்க்குகளுக்காகவும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 75000-மோ அதற்கு மேலோ போகாதீர்கள். 70000 வாங்கினால் அடாப்டரைப் பாருங்கள். 2004-இல் செய்த ஒரு தொகுதி அடாப்டர்கள் அதிகமாகச் சூடாகின்றன என்று சோனியே 2005-இல் திரும்பப் பெற்றது.

90000 பார்க்க அழகு, வயர் தொல்லை குறைவு, ஆனால் இங்கே டேட் கோடு பார்க்காமல் வாங்கக் கூடாது. ஸ்டிக்கரில் 7டி, 8ஏ, 8பி, 8சி என்று இருக்கும். எண் ஆண்டு, எழுத்து காலாண்டு. 8சி என்றால் 2008-இன் மூன்றாம் காலாண்டு. 8பி வரை மெமரி கார்டிலிருந்து கிளம்பும் ஃப்ரீ மெக்பூட் (சோனியுடையது அல்லாத மென்பொருளைப் பெட்டியில் ஓட வைப்பது) வேலை செய்யும். 8சி-யில் சிலவற்றில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. அதற்குப் பிறகு வந்தவற்றில் 2.30 பயாஸ் (பெட்டியின் உள் மென்பொருள்) அந்த வழியை அடைத்துவிட்டது. அவற்றுக்கு 2020-இல் வந்த ஃப்ரீடிவிடிபூட் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் எழுதிய டிவிடி ஒன்றை லேசர் படித்தாக வேண்டும்.

நேரில் பார்க்கப் போகும்போது நான்கு டிஸ்க் எடுத்துக்கொண்டு போங்கள்: அடிப்பக்கம் கறுப்பான பிஎஸ்1 டிஸ்க், அடிப்பக்கம் நீலமான பிஎஸ்2 சிடி ஆட்டம், வெள்ளியாக இருக்கும் சாதாரண டிவிடி ஆட்டம், காட் ஆஃப் வார் 2 போல இரட்டை அடுக்கு டிவிடி. பிஎஸ்2 சிடிக்கும் டிவிடிக்கும் வேறு வேறு அலைநீள லேசரைப் பயன்படுத்துவதால் ஒன்று பளிச்சென்று ஓடி மற்றொன்று சிவப்புத் திரை காட்டுவது சாதாரணம். விற்பவர் டிவிடி ஆட்டம் ஒன்றை மட்டும் ஓட்டிக் காட்டினால் பாதிச் சோதனைதான் முடிந்திருக்கிறது. நீல டிஸ்க்கில்தான் தளர்ந்த லேசர் முதலில் தோற்கும். ஒவ்வொரு டிஸ்க்கையும் ஆட்டத்துக்குள்ளே போய்ப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், லோகோ வந்ததும் நிறுத்தாதீர்கள். ஸ்லிம் என்றால், ஓடி முடிந்த டிஸ்க்கை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்டமாக ஒரே ஒரு புதுக் கீறல் தெரிந்தால், லேசருக்குப் போகும் பட்டை கேபிள் மேலே எழும்பி டிஸ்க்கை உரசுகிறது. கேபிளைப் படியவைத்து டேப் ஒட்டினால் நின்றுவிடும், ஆனால் அதற்குள் உங்கள் டிஸ்க் போயிருக்கும். அதனால் இந்தச் சோதனைக்கு விலை குறைந்த டிஸ்க்கைக் கொண்டுபோங்கள்.

நம்மூர் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கிடைப்பதில் நிறைய, நகல் டிஸ்க் ஓடுவதற்காகச் சிப் போட்ட பெட்டி. அதுவே குற்றமில்லை, வேலை சுத்தமாக இருந்தால். திருகு மேல் ஒட்டிய வாரன்டி சீல் கிழிந்திருந்தால் உள்ளே கை வைத்திருக்கிறார்கள். திறந்து காட்டச் சொல்லுங்கள். மயிரிழை வயர்கள் தாறுமாறாக ஓடி, சால்டர் உருண்டையாக நின்றால் விட்டுவிடலாம். ஆண்டுக்கணக்கில் மலிவான டிவிடி-ஆர் ஓட்டிய பெட்டியில் லேசர் தேய்ந்துதான் இருக்கும். அந்த டிஸ்க்குகள் ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் லேசர் திணறித் திணறிப் படிக்கிறது. லேசர் மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். லேசரின் எண் ஃபேட்டில் பெரும்பாலும் 400சி, 50000-த்தில் பலவற்றில் எஸ்எஃப்-எச்டி7, ஸ்லிம்மில் பிவிஆர்-802டபிள்யூ. கழற்றிப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள்.

வாங்கிய பிறகு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது நல்லது. ஃபேட்டின் அடியில் சதுர மூடிகளுக்குக் கீழே எட்டு அல்லது பத்துத் திருகு இருக்கும். மேல்மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள், பவர், எஜெக்ட் பட்டன்களுக்குப் போகும் பட்டை கேபிள் கிழிந்துவிடும். 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு லென்ஸை மெதுவாகத் துடையுங்கள். லேசர் ஓடும் தண்டில் காய்ந்த பழைய கிரீஸை எடுத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவுங்கள். தண்டின் ஓரத்தில் உள்ள சின்ன வெள்ளைப் பல்சக்கரம் லேசரின் சாய்வைச் சரிசெய்வது. அதை அசைக்கத்தான் வேண்டும் என்றால் இருக்கும் இடத்தை முதலில் மார்க்கரால் குறித்துக்கொண்டு ஒரு பல் மட்டும் நகர்த்திச் சோதியுங்கள். ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் மொழியும் நேரமும் கேட்டால் உள்ளே சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. சேவ்கள் மெமரி கார்டில் இருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை.

ஹார்ட் டிஸ்க் வழிக்குப் போனால் சோனியின் நெட்வொர்க் அடாப்டரைத் தேடுங்கள். அசலில் ஐடிஇ கனெக்டர். அதற்குப் பதிலாக சாட்டா போர்டு மாற்றிக்கொள்ளலாம். வேறு நிறுவனங்களின் மலிவு அடாப்டர்கள் பலவற்றில் ஈதர்நெட் இருக்காது. 500 ஜிபி டிஸ்க்கில் நூறு ஆட்டத்துக்கு மேல் அடங்கும். ஓப்பன் பிஎஸ்2 லோடர் என்ற மென்பொருளில், உங்கள் டிஸ்க்கிலிருந்து எடுத்த ஐஎஸ்ஓக்களை (முழு டிஸ்க்கின் நகல் கோப்புகளை) ஓட்டலாம். ஸ்லிம்காரர்கள் யூஎஸ்பி பென் டிரைவை நம்ப வேண்டாம். பிஎஸ்2-இல் இருப்பது யூஎஸ்பி 1.1, நொடிக்குச் சுமார் ஒரு எம்பிதான் வரும், வீடியோ காட்சிகள் திக்கும். ஈதர்நெட் கேபிளில் கணினியிலிருந்து ஓட்டுவது எவ்வளவோ மேல். விண்டோஸில் எஸ்எம்பி1 (பழைய கோப்புப் பகிர்வு முறை) அணைந்திருப்பதால்தான் பலருக்கு இணைப்பே வருவதில்லை, அதை முதலில் பாருங்கள்.

எல்இடி டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரோடு பார்த்துவிட்டு "படம் கலங்கலா இருக்கே" என்று வருந்த வேண்டாம். காம்பொனென்ட் கேபிள் வாங்கி, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்பொனென்ட் வீடியோ அவுட்டை ஆர்ஜிபி-யிலிருந்து ஒய் சிபி சிஆர் வகைக்கு மாற்றுங்கள். மாற்றாமல் கேபிளைச் சொருகினால் நிறம் கெட்டுத் தெரியும், கேபிள் மேல் பழி விழும். பிஎஸ்1 ஆட்டங்கள் 240பி என்ற குறைந்த ரெசொல்யூஷனில் வருவதால் பல டிவிகள் காம்பொனென்டில் அவற்றை ஏற்காது. அதற்கு ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கன்வெர்ட்டர் தேவை. பழைய டியூப் டிவி ஒன்று வீட்டில் இருந்தால் இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அபூர்வ வகைகளை முதல் பெட்டியாக வாங்காதீர்கள். ஜப்பானில் மட்டும் 2003 டிசம்பரில் வந்த பிஎஸ்எக்ஸ் வெள்ளைப் பெட்டி (டிஇஎஸ்ஆர்-5000-இல் 160 ஜிபி, 7000-இல் 250 ஜிபி) மிக அழகான இயந்திரம், பிஎஸ்2-உம் டிவி ரெக்கார்டரும் ஒன்றாகச் சேர்ந்தது. ஆனால் அதன் ஹார்ட் டிஸ்க் செத்தால் கடையில் ஏதோ ஒன்று வாங்கி மாட்டி ஓட்டிவிட முடியாது. ஓடும் ஒரு 39000-மோ 50000-மோ கையில் இருக்கும்போது அதைத் தேடுங்கள்.