பியூப்ளோ பானை ஓடுகள் கிடைத்தால் அது ஸ்பானியக் குடியிருப்பு இல்லையா?

நியூ மெக்சிகோவில், மெக்சிகோ நகரத்திலிருந்து வடக்கே வந்த பழைய ஸ்பானியச் சாலையான எல் கமீனோ ரியல் பாதையோரம் நீங்கள் சர்வே செய்த மேட்டில் பத்துக்கு ஒன்பது ஓடு அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான பியூப்ளோ மக்கள் வனைந்தது, அப்படியானால் ஸ்பானியக் குடியிருப்பு என்று குறித்தது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு அந்தக் குறிப்பை அடித்துவிடாதீர்கள்.

ஸ்பானியக் குடியேறிகள் அன்றாடம் புழங்கியது பெரும்பாலும் பக்கத்து பியூப்ளோ ஊர்ப் பானைகளைத்தான். 17ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ நகரத்திலிருந்து சரக்கு வண்டிகள் ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வந்தன. அத்தனை தூரம் குலுங்கி வரும் பீங்கானில் யார் தினமும் கஞ்சி குடிப்பார்கள்?

அதனால் எண்ணிக்கையை விடுங்கள், விளிம்பு ஓடுகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். உள்ளூர் மண்ணாகவே இருந்தாலும், வாய் அகலமாக வெளியே மடிந்து சூப் தட்டு மாதிரி இருந்தால் அது ஸ்பானியச் சாப்பாட்டுப் பழக்கத்தின் சாயல். அப்புறம் எறும்புப் புற்றுகள். சிரிக்காதீர்கள், நாம் தவறவிடும் பொடிச் சில்லும் மணியும் அங்கேதான் மேலே வந்து கிடக்கும். எனக்கு மயோலிகா (ஸ்பானியப் பாணிப் பூச்சு மண்பாண்டம்) அப்படித்தான் சிக்கியது: நகக்கண் அளவு, பால் வெள்ளைப் பூச்சு, ஒற்றை நீலக் கோடு.

வழவழப்பான ஆங்கிலேய வெள்ளைப் பீங்கான் நிறைய இருந்தால், 1821இல் அமெரிக்காவின் மிசூரியிலிருந்து சாண்டா ஃபே பாதை வணிகம் தொடங்கிய பிறகும் அங்கே ஆள் இருந்திருக்கலாம்.

சரி, மேட்டுக்கு அருகே பழைய வாய்க்கால் தடம் ஏதாவது தெரிந்ததா?